எலும்புக்கூட்டுக்குக் கால் முளைத்த கதை

இருபத்தாறு வருடங்களாக நான் பிறத்தியார் எலும்புகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்துக் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவில் வேலை. இடது டிபியா முறிவு, வலது கிளாவிக்கிள் விரிசல் என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதி வரும். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா, தேதி ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவேன். டிபியா உடம்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "ஃபைலைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்படிப்பட்டவன் ஐம்பத்து மூன்றாவது வயதில் மனித எலும்புக்கூட்டை எதையும் பார்க்காமல் தலை முதல் கால் வரை வரைந்தே தீருவது என்று கிளம்பியதற்குக் காரணம் என் மனைவியின் கண்கள். காதல் கதை என்று நினைக்க வேண்டாம். எந்தப் புகைப்படத்திலும் அவளுக்குக் கண் திறந்திருக்காது, அவ்வளவுதான். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவள் முழுக்கத் தூங்குகிறாள். ஆதார் அட்டையில் தியானத்தில் இருக்கிறாள். "பிளிச்சுன்னு வெளிச்சம் வரச்சே கண்ணு தானா மூடிக்கறது, நான் என்ன பண்ணட்டும்?" என்பாள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென்சிலுக்குப் பிளிச் கிடையாதே, நானே உன்னை வரைந்துவிடுகிறேன் என்றேன். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். வரைந்து முடித்துக் காட்டினேன். படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன்னா, இது எங்கண்ணாவாக்கும்."

"உன்னைப் பாத்துத்தானே வரைஞ்சேன்."

"என்னைப் பாத்துண்டு எங்கண்ணாவை வரைஞ்சிருக்கேள். அவன் பாத்தா சந்தோஷப்படுவான். கையைப் பாருங்கோ, பூவன்பழச் சீப்பு மாதிரி. காலே காணும்."

"கால் புடவைக்குள்ள இருக்கு."

"புடவைக்குள்ளயும் காலுன்னு ஒண்ணு இருக்கணுமோல்லியோ? போய் முறையாக் கத்துண்டு வாங்கோ. அப்பறம் உக்காந்து தரேன். அதுவரைக்கும் என்னைக் கூப்பிடப்படாது."

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அவள் கண் ஒரு கணம் பரண் பக்கம் போய் வந்தது. எங்கள் வீட்டுப் பரண் நான் தொடங்கிக் கைவிட்டவற்றின் அருங்காட்சியகம். தந்தி அறுந்த வயலின், நீச்சல் கண்ணாடி, முதல் பாகம் மட்டும் பிரிக்கப்பட்ட சமஸ்கிருதப் பாடப் புத்தகங்கள், பன்னிரண்டு நாள் நடந்த நடைப்பயிற்சிச் செருப்பு எல்லாம் அங்கே வரிசையாக இருக்கின்றன. அடுத்தது பென்சில் பெட்டி என்று அவள் இடம் பார்த்து வைத்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. மனிதனை வீரனாக்குவது லட்சியம் என்பார்கள். என்னைப் பொறுத்தவரை அது பரணில் காலியாகக் கிடந்த ஓரடி இடம்.

ஒரு பேக்கரியின் மாடியில் சனிக்கிழமை மத்தியானம் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். கீழே பப்ஸ் வேகும் வாசனை. மேலே ஒரு நீள அறை, நாலு சுவர்ப்பலகை, மூலையில் கொக்கியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. சொல்லிக்கொடுப்பவர் முப்பது வயது இருக்கும் பெண். எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம்தான். ஆனால் படித்தது, நினைப்பது, கோபப்படுவது எல்லாம் மலையாளம். தமிழ் எங்களைப் போன்ற வயதானவர்களிடம் பேசும்போது மட்டும் வெளியே எடுப்பார்.

"சார், எனக்கு இவிடெ ஒரே ஒரு ரூல். ஆளைப் பார்த்து வரைகிற நாலு மணி பேட்ச்ல சேரணும்னா, முதல்ல அஸ்திகூடத்தை ஓர்மையில இருந்து, பார்க்காம வரைச்சுக் காட்டணும். ஒண்ணரை மணி நேரம். மூணு சான்ஸ். கேட்டோ?"

"மூணுலயும் வரலைன்னா?"

"வியாழக்கிழமை பேட்ச் உண்டு. காயல், தென்னை, வள்ளம். நல்ல பேட்ச் சார், எல்லாரும் ஹேப்பி ஆணு."

திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. காயலும் தென்னையும் வள்ளமும் வாழ்நாள் முழுக்கக் காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பார்த்தாகிவிட்டது. தவிர, தென்னைக்கு முகம் கிடையாது. மனைவியை உட்காரவைத்து வரையவேண்டுமென்றால் எனக்கு நாலு மணி பேட்ச்தான் வேண்டும்.

என்னோடு அன்று சேர்ந்தவர் இன்னொருவர். தென்காசிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது. விழிஞ்ஞத்தில் கட்டட வேலைகளுக்குச் சாரம் கட்டுபவர். சனிக்கிழமை அவருக்கு அரை நாள். ஊரில் குலதெய்வக் கோயில் சுவரில் சாமி படம் எழுத ஆளில்லை என்பதால் தானே எழுதிவிடலாம் என்று கற்றுக்கொள்ள வந்திருந்தார். என் நெற்றியைப் பார்த்ததும் என்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர் எழுதப்போகும் சாமி மட்டும் நான் இல்லை என்பதை இருவரும் புரிந்துகொண்டோம்.

இரண்டு மாதம் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வரைந்தோம். பிறகு முதல் சான்ஸ் வந்தது. ஆசிரியை எலும்புக்கூட்டின் மேல் பூப்போட்ட பெட்ஷீட்டைப் போர்த்தினார். ஆளுக்கு ஒரு நீளத் தாளைப் பலகையில் ஒட்டி, தலைக்கு அளவாக ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். உடம்பு ஏழரைத் தலை உயரம் என்று அவர் இரண்டு மாதமாகச் சொல்லிவந்தார். நான் மனசுக்குள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எண்சாண் உடம்பு என்று நம்மவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எட்டு எங்கே, ஏழரை எங்கே! ஏழரை என்று எங்கள் வீட்டில் சனி பிடிப்பதைத்தான் சொல்வார்கள். நாலு புத்தகம் படித்தவனுக்கே உரிய தெம்போடு தாளில் தலைக்கொரு கோடாக எட்டுத் தலைக்குக் கணக்குப் போட்டு வரைந்துகொண்டே வந்தேன். மண்டையோடு வந்தது. விலா வந்தது. முட்டி வந்தது. கணுக்காலுக்கு இறங்கும்போது, ஏழரைத் தலைக்கே வெட்டியிருந்த தாள் முடிந்துவிட்டது.

ஆசிரியை வந்து நின்றார். தாளின் அடியைப் பார்த்தார். குனிந்து தரையையும் பார்த்தார்.

"சார், கால் எவிடெ?"

எங்கே என்று தெரிந்தால் நான் வரைந்திருக்கமாட்டேனா? எண்சாணில் தப்பில்லை என்று பிறகு வீட்டில் அளந்து பார்த்தபோது தெரிந்தது. என் கையால் நான் எட்டுச் சாண்தான். ஆனால் தலை ஒரு சாணைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தக் கொஞ்சம் ஒவ்வொரு தலைக்கும் சேர்ந்து சேர்ந்து கடைசியில் இரண்டு பாதங்களைச் சாப்பிட்டுவிட்டது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பிரதானம் என்றால் சாணைவிடப் பெரிசு என்று பழமொழி தன்னால் ஆனமட்டும் சொல்லிப் பார்த்திருக்கிறது. நான்தான் அளவு எடுக்கும்போது காதில் வாங்கவில்லை.

சாரக்காரர் முதல் தடவையிலேயே தேறிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கக் கை கொடுத்தேன்.

"என்ன சாமி, வெசனமா இருக்கிய? இது ஒண்ணுமில்ல, சாரம் கட்டுத வேலைதான். நேர்க்கம்பு, குறுக்குக் கம்பு, நடுவுல கட்டு. எனக்கு என்னமோ அடில இருந்துதான் வருது. அடி நிக்கலன்னா மேல ஒண்ணும் நிக்காது பாத்துக்கிடுங்க."

கம்பு கட்டுகிறவர் சொல்லி நான் கேட்பதா என்ற எண்ணம் எனக்கு வந்தது என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். நான் எனக்கென்று ஒரு முறை கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடித்த அன்று ஆபீஸில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவ்வளவு பெரிய மனிதனாகிவிட்டிருந்தேன்.

முறை இதுதான். தினமும் காலையில் சந்தியாவந்தனம் செய்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட நாட்களில் அது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது ஆண்டவனுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும். ஆனால் ஆசமனம் பிசகாது. மூன்று முறை நீரை உட்கொண்டு, பன்னிரண்டு திருநாமங்களைச் சொல்லி விரல்களால் உடம்பைத் தொடவேண்டும். கட்டைவிரலால் இரண்டு கன்னம், மோதிரவிரலால் இரண்டு கண், ஆள்காட்டி விரலால் மூக்கு, சுண்டுவிரலால் காது, நடுவிரலால் தோள், எல்லா விரலாலும் நாபி, கடைசியில் சிரசு. ஏழு வயதிலிருந்து செய்வது. தூக்கத்தில் எழுப்பினாலும் கை தானாகப் போகும். இந்த வரிசையில் எலும்புகளை ஏற்றிவிட்டால் எப்படி மறக்கும்? கன்னத்தைத் தொடும்போது கன்ன எலும்பு, கண்ணைத் தொடும்போது கண்குழி, தோளைத் தொடும்போது காறை எலும்பும் அங்கிருந்து தொங்கும் கையும், பூணூல் குறுக்கே போகும் வழியில் விலா பன்னிரண்டும். தொடுகிற விரல்களே ஒவ்வொன்றாகப் பாடம். பகவான் கோபித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் முப்பது நாளில் எனக்கு மேல் உடம்பு மொத்தமும் மனப்பாடம்.

இரண்டாவது சான்ஸில் நான் பலகை முன்னால் நின்ற விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். மண்டையோடு மளமளவென்று வந்தது. காது ஓட்டையின் பின்னால் இருக்கும் சிறு மேடுகூட விடவில்லை. தோள்பட்டை, முழங்கை, மணிக்கட்டின் சில்லுகள், விரல் விரலாக விரல்கள். விலாவில் முதல் ஏழு நெஞ்செலும்போடு சேர்வது, அடுத்த மூன்று தன் மேலிருப்பதைப் பிடித்துக்கொள்வது, கடைசி இரண்டும் எதையும் பிடிக்காமல் நிற்பது எல்லாம் வந்தன. முதுகெலும்பு நாபிக்கு நேராக இறங்கியது. நாபி ஆயிற்று. உடனே என் கை, நான் ஒன்றும் சொல்லாமலேயே, மேலே போய் மண்டையோட்டைத் தொட்டது. அங்கே கொஞ்சம் நிழல் போட்டேன். திருப்தியாக இருந்தது. பல்லைச் சரிசெய்தேன். மறுபடி நாபிக்கு வந்தேன். மறுபடி கை சிரசுக்குப் போயிற்று. எல்லாம் முடிந்துவிட்டது என்ற பரிபூரண நிம்மதியில், மண்டையோட்டை இருபது நிமிடம் மெருகேற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆசிரியை வந்து மேலிருந்து கீழே பார்த்தார்.

"மேல ரொம்ப நன்னாயிட்டுண்டு சார். இது என்ன, ஆளு குளத்துல இறங்கி நிக்கறாரா?"

பார்த்தேன். இடுப்பெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் நாலு நடுங்கும் கோடுகள். அதன் கீழே வெள்ளைத் தாள், சுத்தமாக, சலவை செய்த வேட்டி மாதிரி.

"கால் எவிடெ, சார்?" என்றார், இந்த முறை மெதுவாக. அந்த மெதுவில் வியாழக்கிழமை இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படின்னா, ஒரு தடவை பண்ணிக் காட்டுங்கோ."

பண்ணிக் காட்டினேன். கன்னம், கண், மூக்கு, காது, தோள்.

"நாபி. அடுத்தது?"

என் கை தலைக்குப் போயிற்று. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல விருப்பமில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆசமனத்தில் நாபிக்குக் கீழே ஒன்றுமே கிடையாது. நாற்பத்தாறு வருடமாக நான் தினமும் பாதி உடம்பைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

"கோவில்லயும் நீங்க இப்படித்தான்" என்றாள், சிரிப்பு அடங்கியதும். "பகவான் படுத்துண்டிருக்கறதை இந்த ஊர்ல ஒரே தடவைல முழுசாப் பாக்க முடியறதோ? மூணு வாசல்லயாக்கும் பாக்கறோம். முதல் வாசல்ல முகம், ரெண்டாம் வாசல்ல நாபி, மூணாம் வாசல்ல பாதம். நீங்க ரெண்டாம் வாசல்ல நின்னுண்டே இருப்பேள். மூணாவது வரச்சே பின்னால இருக்கறவா தள்ளிடுவா. வெளிய வந்து பாதம் சேவிச்சேளான்னு கேட்டா முழிப்பேள்."

"கூட்டம் அப்படி."

"கூட்டம் எனக்கும்தான். நான் பாக்கலையா?"

விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தேன். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில், அவள் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட நேரங்களே எனக்கு லாபமாக முடிந்திருக்கின்றன. மூன்று வாசல், ஒன்றரை மணி நேரம், வாசலுக்கு அரை மணி. பாதத்தைக் கடைசிக்கு வைத்தால்தானே தள்ளிவிடுகிறார்கள்? பாதத்திலிருந்தே தொடங்கினால்? தெய்வத்தைப் பாடும்போது பாதாதிகேசம் பாடவேண்டும், மனிதர்களைத்தான் கேசாதிபாதம் பாடவேண்டும் என்று மரபு உண்டு. அதைப் பற்றி நான் ஒரு கூட்டத்தில் இருபது நிமிடம் பேசியே இருக்கிறேன். எனக்கு என் பேச்சு நினைவு வர ஒரு வெண்டைக்காய்க் கறி தேவைப்பட்டது. சாரக்காரர் இதையே ஒரு வரியில் சொல்லியிருந்தார் என்பதும் நினைவு வந்தது.

முறை கிடைத்தது, கால் வேண்டுமே. அதற்கு எங்கள் வீட்டுச் சனிக்கிழமை கைகொடுத்தது. சனிக்கிழமை காலை ஆண்களுக்கு எண்ணெய்க் குளி. மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தலையில் வைத்து அவசரமாக இரண்டு தட்டுத் தட்டி, கைகால்களில் பெயருக்குத் தடவிக்கொண்டு வந்துவிடுவது என் வழக்கம். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து பாதத்திலிருந்து ஆரம்பித்தேன். எண்ணெயில் விரல் வழுக்கிப் போகும்போது தோலுக்கு அடியில் எலும்பு தானே வந்து கைக்கு அறிமுகம் செய்துகொள்கிறது. கணுக்காலின் உள்மேடு உயரத்தில் இருக்கிறது, வெளிமேடு தாழ்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே மட்டம் என்று ஐம்பத்து மூன்று வருடம் நம்பியிருந்தேன். காலை நீட்டித் தளர்த்தினால் முட்டிச்சில்லு புதுமாப்பிள்ளை மாதிரி இப்படியும் அப்படியும் நகர்கிறது. முட்டியிலிருந்து கணுக்கால் வரை முன்பக்கத்தில் கத்தி முனைபோல ஒரு விளிம்பு ஓடுகிறது. கட்டைவிரலை அதன்மேல் வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். டிபியா. எத்தனை ஃபைல்களில் எத்தனை முறை முறிந்து வந்திருக்கிறது. நாங்கள் நேரில் சந்திப்பது அதுதான் முதல் தடவை.

எழுந்து வேட்டியைக் கட்டும்போது இன்னொன்று தெரிந்தது. வேட்டி நிற்பது முடிச்சால் அல்ல. இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் இடுப்பெலும்பின் விளிம்பில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. குளியலறையிலேயே பழைய காலண்டர் தாளில் வரைந்துகொண்டேன். எண்ணெய் பட்டு அந்தத் தாள்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. மனைவி அவற்றை அடுக்களைப் பக்கம் கொண்டுவரக்கூடாது என்றும், விளக்கேற்றும் நேரத்தில் கூடத்தில் எலும்பு நடமாடக்கூடாது என்றும் இரண்டு சட்டம் போட்டாள். மற்றபடி ஒத்துழைப்பு.

பஸ்ஸிலும் பயிற்சி. கரமனையில் ஏறி ஆபீஸ் வாசலில் இறங்கும்வரை, நிற்பவர்களின் கணுக்கால்களைப் பார்த்துக்கொண்டு போவேன். நடுவயதுக்காரன் ஒருவன் தினமும் குனிந்து பிறர் காலைப் பார்த்துக்கொண்டு வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்கு உதிக்கவில்லை. ஒருநாள் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாரே, எந்தெங்கிலும் களஞ்ஞு போயோ?"

ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்கிறார். ஆமாம், ஒரு ஜோடிக் கால் என்று வாய்வரை வந்தது. இல்லை என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். ஆனால் அதற்குள் எனக்குப் போதிய கால்கள் கிடைத்துவிட்டன.

மூன்றாவது சான்ஸ் ஒரு சனிக்கிழமை. காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அந்த வாசனையோடேயே படியேறினேன். கீழே பப்ஸ், மேலே நல்லெண்ணெய். ஆசிரியை எலும்புக்கூட்டுக்குப் பெட்ஷீட் போர்த்தி, தாளை ஒட்டி, அட்டையைக் கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி பேட்சுக்கு வந்த சாரக்காரர் முன்கூட்டியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்று வரவில்லையென்றால் வியாழக்கிழமை. தென்னைமரம். பரண்.

ஏழரைத் தலையை அளந்து குறித்தேன், எண்சாணிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. பிறகு தாளின் அடிக்குப் போய் அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை மாதமாக நின்றே வரைந்த மனிதன் உட்காருவதைப் பார்த்து ஆசிரியை ஒரு அடி முன்னால் வந்தார். மயக்கம் என்று நினைத்திருக்கலாம். நான் குதிகாலிலிருந்து ஆரம்பித்தேன்.

மூன்றாம் வாசல். குதிகால், அதன்மேல் கணுக்காலைத் தாங்கும் எலும்பு, முன்னால் சில்லுகள், அங்கிருந்து ஐந்து நீள எலும்புகள், விரல்கள். யாரும் பின்னாலிருந்து தள்ளவில்லை. உள்மேடு உயரம், வெளிமேடு தாழ்வு. டிபியாவின் கத்தி விளிம்பு. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகும் மெலிந்த ஃபிபுலா, பெரிய மனிதரோடு போகும் உறவினர் மாதிரி. முட்டிச்சில்லு. தொடையெலும்பு உள்ளேயிருந்து வெளியே சாய்ந்து ஏறுவது.

அப்போதுதான் மின்விசிறிக் காற்றில் மூலையிலிருந்த பெட்ஷீட் பொம்மென்று தூக்கியது. எலும்புக்கூட்டின் முட்டி வரை தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சாமி" என்றார் சாரக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "பெட்ஷீட்டு தூக்குது. ஒரு பார்வ பாத்துக்கிடுங்க. நான் ஒண்ணும் பாக்கல."

"வேண்டாம்" என்றேன். "எனக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் அதைக் காதில் கேட்டேன். எனக்குத் தெரியும் என்று ஆபீஸில், கூட்டங்களில், கல்யாணப் பந்திகளில் நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அது உண்மையாக இருந்தது இது முதல் தடவை.

அரை மணியில் எழுந்து நின்றேன். இரண்டாம் வாசல்: வேட்டி உட்காரும் விளிம்பு, இடுப்புக் கிண்ணம், முதுகெலும்பு, விலா. பிறகு முதல் வாசல். மேலே வந்ததும் கை பழைய சிநேகிதர்களைக் கண்ட மாதிரி ஓடியது. கன்னம், கண், மூக்கு, காது. கடைசியாகச் சிரசு. இந்த முறை சிரசோடு முடிந்தபோது நிஜமாகவே முடிந்திருந்தது. மணி பார்த்தேன். ஏழு நிமிடம் மீதி. அந்த ஏழு நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு நின்றேன்.

ஆசிரியை சிவப்புப் பென்சிலோடு வந்தார். கால் எவிடெ என்று கேட்கவில்லை. பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். பாதத்திலிருந்து மேலே, பென்சில் முனையை ஒவ்வொரு எலும்பிலும் வைத்து எண்ணிக்கொண்டே போனார். கழுத்தில் ஏழு. இறங்கி வந்து விலாவை மறுபடி எண்ணினார். மறுபடி பாதத்துக்கு வந்தார். பெருவிரலில் பென்சில் நின்றது.

"சார், பெருவிரல்ல ரெண்டு எலும்புதான். மூணு போட்டிருக்கீங்க."

சாரக்காரர் எழுந்துவிட்டார். நான் குனிந்து என் கால் பெருவிரலைப் பார்த்தேன்.

"குறைச்சல் இல்லையே, கூடுதல்தானே" என்றார் அவர் ஆசிரியையிடம். "கம்பு கூட நின்னா சாரம் விழுமா?"

ஆசிரியை சிரித்துவிட்டார். "சாரமில்ல சார்" என்றார் என்னிடம்; மலையாளத்தில் அதற்குப் பரவாயில்லை என்று அர்த்தம். பெருவிரலில் சிறிதாக ஒரு சிவப்பு வட்டம் போட்டு, தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டு, "நாலு மணி பேட்ச்" என்று எழுதினார். இருபத்தாறு வருட சர்வீஸில், அதிகப்படியாக ஒரு எலும்பைக் காட்டிய ஒரு கோரிக்கை ஆட்சேபணை இல்லாமல் பாஸாகி நான் பார்த்தது இதுதான்.

கீழே பேக்கரியில் சாரக்காரருக்கும் எனக்கும் டீ. அவர் பப்ஸும் சாப்பிட்டார்; முட்டை என்பதால் நான் வாசனையோடு நிறுத்திக்கொண்டேன். கோயில் சுவருக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டேன். "இனிமே போலாம் சாமி. காலு எழுத ஆள் வேணும்னா உங்களைக் கூப்பிடுதேன்" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அன்றுமுதல் வேறு எதுவும் கிடைக்காத நாட்களில் அந்த வரியை எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நாலு மணி பேட்சில் மூன்று மாதம் போனேன். அதன் பிறகுதான் வீட்டில் நாற்காலியைக் கூடத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். மனைவி நான் கூப்பிடாமலேயே அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணை எங்க வெச்சுக்கட்டும்?"

"எங்கயாவது வெச்சுக்கோ. பிளிச் கிடையாது."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாதத்திலிருந்து ஆரம்பித்தேன். அவள் கணுக்கால்களைக் குறுக்காகப் போட்டு, ஒரு பாதத்தை மற்றதன்மேல் வைத்திருந்தாள். மெட்டிக்குக் கீழே எலும்பு எங்கே திரும்புகிறது என்று எனக்குத் தெரிந்தது. புடவைக்குள் முட்டி எங்கே இருக்கிறது, மடிப்பு ஏன் அங்கே உடைகிறது என்று தெரிந்தது. மடியில் கோத்திருந்த கைகளில் ஒவ்வொரு விரலும் அதனதன் இடத்துக்குப் போயிற்று. முகத்துக்கு வந்தபோது அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நன்றாகத் திறந்திருந்தது.

படத்தைக் கொடுத்தேன். தூரத்தில் பிடிக்கவில்லை. கிட்டத்தில் பிடித்து, பாதத்தின்மேல் விரலை வைத்தாள்.

"எனக்கு ரெண்டாம் விரல் பெருவிரலைக் காட்டியும் நீளம்னு எப்போ பாத்தேள்?"

"இப்போதான்."

"இருபத்து நாலு வருஷம் கழிச்சு." படத்தை மறுபடி பார்த்தாள். "முழிச்சுண்டிருக்கேன்" என்றாள், தனக்குத்தானே சொல்வது மாதிரி. பிறகு எழுந்து, அதை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள் வைத்து மூடினாள்.

"எங்க கொண்டுபோறே?"

"எங்கண்ணாவுக்குக் காட்டணும். போன தடவை வரைஞ்சதைப் பாத்துட்டு, தன் படம்னு அவன் ரொம்பப் பெருமையா இருக்கான்."